பற்றிக்கொண்ட பித்தளைக் கூடு: ஒரு .315 ரைபிளைப் பற்றிய நிகழ்வு ஆய்வு

எக்ஸ்ட்ராக்டரை (காலிக்கூட்டை வெளியே இழுக்கும் கொக்கியை) மாற்ற வேண்டும் என்ற முடிவோடுதான் இந்த ரைபிள் திருச்சியில் நான் உதவிவரும் உரிமம் பெற்ற பழுதுபார்ப்புப் பணிமனைக்கு வந்தது. சுட்டபின் தோட்டாவின் காலிக்கூடு, குழலின் பின்முனையில் அது அமரும் அறையை விட்டு வர மறுக்கிறது, அறையைப் பின்னாலிருந்து மூடும் போல்ட்டை உள்ளங்கையால் ஓங்கித் தட்டினால்தான் பின்னுக்கு வருகிறது, சில வேளைகளில் போல்ட் மட்டும் வந்து கூடு உள்ளேயே தங்கிவிடுகிறது என்பவை உரிமையாளரின் புகார்கள். ராணுவத்தில் ஆர்மரராக (ஆயுதங்களைப் பழுதுபார்ப்பவராக) இருந்த காலத்திலிருந்தே இதே புகாரையும் இதே முடிவையும் நான் கேட்டுவருகிறேன். கூட்டை இழுப்பது எக்ஸ்ட்ராக்டர் என்பதால் கூடு வராவிட்டால் பழி அதன்மேல் விழுவது இயல்புதான். ஆனால் இழுக்கும் கொக்கியைச் சந்தேகிப்பதற்கு முன், பிடித்து வைத்திருப்பது எது என்று பார்க்க வேண்டும் என்பதே என் கருத்து. இந்த நிகழ்வில் அதற்கான விடை கொக்கியிலிருந்து வெகுதூரம் தள்ளி இருந்தது.

துப்பாக்கியும் அதன் பின்புலமும்

திருத்துறைப்பூண்டிப் பக்கத்து நெல் விவசாயக் குடும்பம் ஒன்றில் தாத்தா காலத்திலிருந்து உரிமத்தோடு இருந்துவரும் .315 போர் (அங்குலத்தில் குழலின் உள்விட்ட அளவு) வேட்டை ரைபிள் இது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை என்ற பேச்சுக்கே இடமில்லாததால், இப்போதைய உரிமையாளர் இதை உரிமம் பெற்ற சுடுதளத்தில் எப்போதாவது இலக்கு நோக்கிச் சுடுவதற்கு மட்டுமே பயன்படுத்துகிறார். .315 என்ற அளவு நம் நாட்டில் பரவியதற்குக் காரணம் சட்டமே. ராணுவத்தின் .303 தோட்டா பொதுமக்களுக்குத் தடைசெய்யப்பட்டிருந்ததால், ஆஸ்திரியாவின் பழைய 8 மி.மீ. மான்லிக்கர் தோட்டாவை ஒட்டிய இந்த அளவு வேட்டைக்காரர்களுக்கென விற்கப்பட்டது. தோட்டா வேறானாலும், இங்கே தயாரான .315 ரைபிள்களின் இயங்குமுறை .303 லீ என்ஃபீல்டின் வழிவந்ததுதான்.

அந்த இயங்குமுறையின் சில தன்மைகள் இந்த ஆய்வுக்கு முக்கியமானவை. போல்ட்டைப் பூட்டும் காதுகள் (போல்ட்டிலிருந்து நீட்டிய முனைகள்) முன்பக்கம் அறையை ஒட்டி இல்லாமல் பின்பக்கம் இருக்கின்றன. எக்ஸ்ட்ராக்டர், போல்ட்டின் முனையில் திருகப்பட்ட தனித் தலையில் சிறு வில்லோடு பொருந்தியிருக்கிறது. தோட்டாவின் அடியில் வெளியே நீட்டிய விளிம்பு உண்டு. தோட்டா அறைக்குள் எவ்வளவு ஆழம் போகலாம் என்பதை அந்த விளிம்பே தீர்மானிக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, இந்த வகை ரைபிளில் சுத்தியல் வில் (தோட்டாவைத் தட்டும் ஊசியை உந்தும் வில்) போல்ட்டை மூடும்போதுதான் முறுக்கேறுகிறது, திறக்கும்போது அன்று. மௌசர் 98 வகை ரைபிளில் கைப்பிடியைத் தூக்கும்போதே வில்லையும் சேர்த்துத் தூக்குவதால் கையில் படும் கனம் எதனுடையது என்று பிரித்தறிவது கடினம். இங்கே திறக்கும்போது அந்தக் கனம் இல்லை என்பதால், கையில் படும் ஒவ்வொரு தடையும் நோயின் அறிகுறியாகவே கொள்ளத்தக்கது.

2024-ஆம் ஆண்டு மக்களவைத் தேர்தல் அறிவிப்பு வந்ததும், வழக்கம்போல இந்தத் துப்பாக்கியும் காவல் நிலையத்தில் ஒப்படைக்கப்பட்டது. தேர்தல் முடிவு ஜூன் 4-ஆம் தேதி வந்துவிட்டாலும், உரிமத்தைப் புதுப்பிக்கும் வேலை இழுத்துக்கொண்டே போனதால், உரிமையாளர் அதைத் திரும்பப் பெற்றது பொங்கலுக்குப் பிறகுதான். இடையில் ஒரு முழு வடகிழக்குப் பருவமழை கடந்திருந்தது. ஃபெங்கல் புயலுக்கு முந்தைய நாட்களில் திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்டங்களில் சம்பாப் பயிர் நீரில் மூழ்கிய அந்த நவம்பர் முழுவதும், கான்வாஸ் உறைக்குள், குழலின் வாய் மேல்நோக்கி, ஒரு மூலையில் சாய்த்தபடி அந்த ரைபிள் நின்றிருக்கிறது. இதில் காவல் நிலையத்தைக் குறைசொல்வது நியாயமாகாது. ஒப்படைத்த பொருளைப் பத்திரமாக வைத்திருப்பது அவர்கள் கடமை. எண்ணெய் போட்டுத் துடைத்து வைப்பது உரிமையாளர் முன்கூட்டியே செய்திருக்க வேண்டிய வேலை.

கைப்பிடியில் உணர்ந்த தடை

உரிமையாளர் வந்ததும் சொன்னது இதுதான்: "கொக்கி தேஞ்சு போச்சு தம்பி, புதுசா ஒண்ணு போட்டுக் கொடுத்துடுங்க." பணிமனைக்காரர் உடனே உதிரிப்பாகப் பெட்டியைத் திறக்காமல், "சுட்ட கூடு ஏதாச்சும் வச்சிருக்கீங்களாய்யா?" என்று கேட்டது நல்லதாய்ப் போயிற்று. தோட்டாக் கணக்குக்காகக் காலிக்கூடுகள் எல்லாவற்றையும் உரிமையாளர் ஒரு துணிப்பையில் சேர்த்து வைத்திருந்தார்.

அந்தக் கூடுகளைப் பார்ப்பதற்கு முன், தடை எந்த இடத்தில் வருகிறது என்பதை அவரிடமே விரிவாகக் கேட்டோம். போல்ட் திறப்பதை ஒரே அசைவாக எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது மூன்று கட்டங்களாக நடக்கிறது. கைப்பிடியைத் தூக்கத் தொடங்கும் முதற்கட்டத்தில் பூட்டுக் காதுகள் தம் இருக்கையிலிருந்து சுழன்று விலகுகின்றன. இரண்டாம் கட்டத்தில், கைப்பிடி மேலே போய்ச் சேரும் தறுவாயில், ஒரு சாய்தளத்தின் உந்துதலால் போல்ட் முழுவதும் மிகச் சிறிது பின்னகர்ந்து, நெம்புகோலின் பலத்தோடு கூட்டை அறையின் சுவரிலிருந்து விடுவிக்கிறது. மூன்றாம் கட்டத்தில் நெம்புகோல் எதுவும் கிடையாது. கையின் வெறும் இழுப்புதான்.

முதற்கட்டத்திலேயே கைப்பிடி இறுகியிருந்தால் அழுத்தம் மிகுந்த தோட்டா, காதுகளில் எண்ணெய்ப் பசையின்மை, காதும் இருக்கையும் ஒன்றையொன்று உராய்ந்து சிராய்த்திருத்தல் ஆகியவற்றைச் சந்தேகிக்க வேண்டும். இரண்டாம் கட்டத்தில் மட்டும் இறுக்கம் வந்து, மூன்றாம் கட்டம் இலகுவாக இருந்தால், கூடு சற்றே கெட்டியாக ஒட்டியிருந்து சாய்தளத்தின் பலத்தால் விட்டுக்கொடுத்தது என்று பொருள். ஒன்றுக்குள் ஒன்று செருகிச் சிக்கிய எவர்சில்வர் டம்ளர்கள் நூலளவு நகர்ந்ததும் தாமாகக் கழன்றுவிடுவதைப் போல, அடி பருத்து முனை ஒடுங்கிய இந்தத் தோட்டாக்கூடும் சற்று நகர்ந்துவிட்டால் சுவரோடு தொடர்பை இழந்துவிட வேண்டும். உரிமையாளரின் விவரிப்பில் முதற்கட்டம் முற்றிலும் இலகுவாக இருந்தது, இரண்டாம் கட்டம் இறுகியது, மூன்றாம் கட்டத்திலும் இழுவை தொடர்ந்தது. கூம்பு வடிவக் கூடு நகர்ந்த பிறகும் இழுவை விடவில்லை என்றால், சுவரில் ஏதோ ஒன்று அதைக் கவ்விக்கொண்டிருக்கிறது. வெறும் இறுக்கம் அப்படி நடந்துகொள்ளாது. அந்த நிமிடத்திலேயே எக்ஸ்ட்ராக்டர் மீதான சந்தேகம் எனக்குப் பெரும்பாலும் நீங்கிவிட்டது.

காலிக்கூடுகளின் சாட்சியம்

துணிப்பையிலிருந்த கூடுகளை வெயிலில் ஒரு வெள்ளைத் துணிமேல் வரிசையாகப் பரப்பி, கைலென்ஸ் வைத்துப் பார்த்தோம். முதலில் பார்த்தது பிரைமரை, அதாவது ஊசி தட்டியதும் மருந்தைப் பற்றவைக்கும், அடியிலுள்ள சிறு மூடியை. அதன் ஓரங்கள் உருண்டையாகவே இருந்தன, தட்டையாகிப் பரவவில்லை. சுத்தியல் ஊசி பட்ட பள்ளத்தைச் சுற்றி மேடு எழும்பவுமில்லை. பிரைமரை மட்டும் வைத்து அழுத்தத்தைத் தீர்மானிக்க முடியாது என்றாலும், இலகுவான முதற்கட்டத்தோடு சேர்த்துப் பார்த்தபோது, மிகை அழுத்தம் என்ற சந்தேகத்தை ஒதுக்கிவைக்க அது போதுமானதாக இருந்தது.

அடுத்து, கூட்டின் அடிப்பகுதிக்குச் சற்று மேலே பளபளப்பான வளையம் ஏதும் உள்ளதா என்று தேடினோம். பூட்டுக் காதுகள் பின்னால் இருக்கும் ரைபிள்களில் சுடும்போது கூடு சற்று நீளும். விளிம்புக்கும் போல்ட் தலைக்கும் இடையே அளவுக்கு மீறிய இடைவெளி இருந்தால் அந்த வளையத்தில் பித்தளை மெலிந்து, ஒருநாள் கூடு இரண்டாக அறுந்து முன்பாதி அறைக்குள்ளேயே தங்கிவிடும். மெல்லிய கம்பியின் முனையை வளைத்து, கூட்டின் உள்சுவரைக் கீழிருந்து மேலாகத் தடவினால் மெலிந்த இடத்தில் கம்பி விழுவது விரலுக்குத் தெரியும். இங்கே அப்படி எதுவும் தெரியவில்லை. பின்னர் இந்த அளவுக்கான கேஜ் (அளவுக் கருவி) வைத்துப் பார்த்தபோதும் ஹெட்ஸ்பேஸ், அதாவது மேலே சொன்ன இடைவெளி, சரியாகவே இருந்தது.

உண்மையான தடயம் கூட்டின் பக்கவாட்டில் இருந்தது. விளிம்பிலிருந்து ஏறத்தாழ ஒரு விரற்கடை தூரத்தில், கூட்டைச் சுற்றி முழுவதுமாக அல்லாமல் ஒரு பக்கத்தில் மட்டும், கடுகை விடச் சிறிய மேடுகள் கூட்டமாக எழும்பியிருந்தன. கண்ணால் பார்ப்பதைவிட நகத்தால் நீவியபோது அவை தெளிவாகப் பட்டன. அந்த மேடுகளிலிருந்து கூட்டின் வாய் நோக்கி, ஒவ்வொரு மேட்டுக்கும் ஒன்றாக, புதுப் பித்தளை நிறத்தில் நீளவாக்கில் கீறல்கள் ஓடின. சுட்ட கணத்தில் பித்தளை அறைச்சுவரின் குழிகளுக்குள் அழுந்திப் புகுந்திருக்கிறது. வெளியே இழுத்தபோது அந்தக் குழிகளின் ஓரங்கள் கூட்டை உழுதிருக்கின்றன. விளிம்பில் எக்ஸ்ட்ராக்டர் பிடித்த இடத்தில் பித்தளை சீவப்பட்டிருந்தது. கொக்கி நழுவியது உண்மைதான், ஆனால் அதற்குக் காரணம் கொக்கியின் பலவீனமன்று. தாங்க முடியாத இழுவையில் விளிம்பு பிய்ந்து வழிவிட்டிருக்கிறது. போல்ட்டைக் கழற்றி, எக்ஸ்ட்ராக்டரின் கீழே அடைந்திருந்த அழுக்கைக் குச்சியால் எடுத்துவிட்டு வில்லின் பலத்தைத் தராசுக் கொக்கியால் சோதித்தபோது அதில் குறையேதும் இல்லை. புதிய எக்ஸ்ட்ராக்டர் போட்டிருந்தால் கூடுதல் பலத்தோடு விளிம்பைப் பிய்த்திருக்கும், அவ்வளவுதான்.

ஏன் பித்தளை இவ்வளவு எளிதாகப் பிடிபடுகிறது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கலந்த தோட்டாப் பித்தளை, சுடும்போது அறைச்சுவரோடு ஒட்டி விரிந்து வாயு பின்னால் வராமல் அடைக்கிறது. எஃகுச் சுவரும் அதே கணத்தில் மிகச் சிறிது விரிகிறது. அழுத்தம் தணிந்ததும் இரண்டுமே சுருங்குகின்றன. பித்தளையின் மீள்குணகம் (விறைப்பின் அளவு) எஃகினுடையதில் ஏறத்தாழ பாதிதான் என்பதால் அது சுவரைவிட அதிகமாகச் சுருங்கி, மயிரிழை இடைவெளி விட்டுத் தளர்ந்துகொள்கிறது. அழுத்தம் வரம்பு மீறினால் எஃகு கூடுதலாக விரிந்து திரும்பி வந்து கூட்டை நெரிக்கும். சுவர் சீராக இருந்தால்தான் அந்த மயிரிழை இடைவெளிக்குப் பயன் உண்டு. குழிகளுக்குள் புகுந்த பித்தளைக்கு அது போதாது.

அறைக்குள் கண்டவை

கைபேசியோடு இணையும் மலிவான போரோஸ்கோப்பை (குழலுக்குள் பார்க்கும் சிறு கேமராவை) அறைக்குள் விட்டபோது முதலில் குழிகள் தெரியவில்லை. பழுப்பு நிறத்தில் வார்னிஷ் போன்ற ஒரு படலம்தான் தெரிந்தது. வாய் மேல்நோக்கி மாதக்கணக்கில் நின்ற குழலிலிருந்து பழைய எண்ணெய் மெல்ல வடிந்து அறையில் தேங்கி, தூசியோடு சேர்ந்து இறுகியிருந்தது. அறைக்கான பிரஷ்ஷும் கரைப்பானும் கொண்டு அதைப் போக்கி, சிந்தித் துணியால் (துப்பாக்கி துடைக்கும் துண்டுத் துணியால்) பலமுறை துடைத்து உலர்த்திய பிறகு, அதன் அடியில் ஒரு பக்கமாகத் துருக்குழிகள் வெளிப்பட்டன. துப்பாக்கி சாய்ந்து நின்ற பக்கத்தில், கான்வாஸ் உறை உறிஞ்சி வைத்திருந்த ஈரம் தங்கிய இடமாகவே அது இருக்க வேண்டும்.

படத்தில் குழியின் ஆழம் தெரியாது என்பதால் கந்தக வார்ப்பு எடுக்கத் தீர்மானித்தோம். அறைக்கு முன்னே குழல் தொடங்கும் தொண்டைப் பகுதியைத் துணியால் அடைத்துவிட்டு, சின்னக் கரண்டியில் கந்தகத்தை மிக மெல்லிய சூட்டில் உருக்க வேண்டும். 115 டிகிரியைச் சற்றுத் தாண்டியதும் அது வைக்கோல் நிறத்தில் நீர்போல ஓடும். அந்த நேரத்திலேயே ஊற்றிவிட வேண்டும். அவசரப்பட்டு 160 டிகிரிக்கு மேல் கொண்டுபோனால் கருஞ்சிவப்பாகிப் பாகுபோல இறுகி எதற்கும் உதவாது, தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு. ஆறியபின் வாய்ப்பக்கத்திலிருந்து மரக்குச்சியால் தட்டியதும் அறையின் அச்சு மஞ்சள் நிறத்தில் அப்படியே வெளியே வந்தது. அதில் ஒவ்வொரு துருக்குழியும் ஒரு பருவாக நின்றது. கூடுகளின் மேல் கண்ட மேடுகளின் அமைப்பும் வார்ப்பின் பருக்களின் அமைப்பும் ஒன்றுக்கொன்று பொருந்தின. குழிகள் பரவலாக இருந்தாலும் ஆழமில்லாதவை என்பதும், விளிம்பு அமரும் இடத்தில் துரு ஏறவில்லை என்பதும் அப்போதுதான் உறுதியாயின. வார்ப்பு எடுத்த பிறகு கந்தகத் துணுக்கு எதுவும் உள்ளே தங்காதபடி அறையைக் கழுவித் துடைப்பது அவசியம். தங்கினால் அதுவே அடுத்த அரிப்புக்குத் தொடக்கமாகிவிடும்.

தேங்காய் எண்ணெய் விவகாரம்

கூடு சிக்கத் தொடங்கியதும் யாரோ ஒருவர் சொன்னாரென்று உரிமையாளர் தோட்டாக்களின்மேல் தேங்காய் எண்ணெய் தடவிச் சுட்டிருக்கிறார். முதல் சில தோட்டாக்கள் வழுக்கிக்கொண்டு வந்ததால் அவருக்கு அது மருந்தாகவே தோன்றியிருக்கிறது. இந்தப் பழக்கம் வீண் என்பதோடு நிற்காமல் ஆபத்தானதும் ஆகும். கூடு உலர்ந்த சுவரைப் பற்றிக்கொள்வதால்தான் பின்னோக்கிய விசையில் ஒரு பகுதியை அறையே தாங்குகிறது. எண்ணெய்ப் பசை இருந்தால் அந்தப் பிடி போய், முழு விசையும் போல்ட் தலையிலும் அதன்வழியாகப் பின்பக்கக் காதுகளிலும் விழும். பின்னால் பூட்டும் இந்த அமைப்பில் அந்தச் சுமையை வலிந்து கூட்டுவது அறிவுடைமையாகாது. மார்கழி அதிகாலையில் உறையும் எண்ணெய், தூசியைச் சேர்த்துக்கொண்டு அறையில் பிசினாக ஒட்டுவது தனிக் கதை. பூட்டுக் காதுகளில் சிறிது கிரீஸ் தேவை. அறையும் தோட்டாவும் உலர்ந்தே இருக்க வேண்டும்.

சிக்கிய கூட்டை அவர் வெளியே எடுத்த முறையையும் கேட்டோம். போல்ட்டை முழுவதும் கழற்றிவிட்டு, வாய்ப்பக்கத்திலிருந்து கிளீனிங் ராடால் தட்டியிருக்கிறார். இது சரியான முறையே. ஆனால் உள்ளே இருப்பது சுட்ட கூடு என்பது ஐயமின்றித் தெரிந்த பிறகே இதைச் செய்யலாம். சுடாத தோட்டா சிக்கியிருக்கும்போது வாய்ப்பக்கத்திலிருந்து எதையும் நுழைக்கவே கூடாது. துப்பாக்கியைப் பாதுகாப்பான திசையில் வைத்து, உரிமம் பெற்ற பணிமனையின் உதவியை நாட வேண்டும்.

தோட்டாக்களின் நிலை

அறையோடு விஷயம் முடிந்திருக்கும் என்று நினைத்தபோது, மீதமிருந்த தோட்டாக்களைக் கொண்டுவரச் சொன்னது பயனளித்தது. அவை தோல் பெல்ட்டில், ஒவ்வொன்றும் ஒரு கண்ணியில் செருகியபடி, வீட்டின் பின்கட்டில் ஆணியில் தொங்கியிருக்கின்றன. தோலைப் பதப்படுத்தப் பயன்படும் பொருட்கள் ஈரத்தோடு சேர்ந்து பித்தளையை அரிப்பதால், கண்ணி பட்ட இடமெல்லாம் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. அதைவிடக் கவலைக்குரியது, சில தோட்டாக்களின் கழுத்தில் நீளவாக்கில் மயிரிழை வெடிப்புகள் ஓடியிருந்ததுதான். பின்கட்டுக்கு அடுத்து மாட்டுக்கொட்டில் என்று கேட்டதும் காரணம் புரிந்தது. ஆங்கிலேயர் காலத்தில் இந்தியப் படைக் கிடங்குகளிலும் குதிரை லாயங்களை ஒட்டிய இடங்களிலும் மழைக்காலந்தோறும் தோட்டாக்கூடுகள் இப்படியே தாமாக வெடித்தன. விலங்குகளின் மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியாவும் கூட்டை உருவாக்கும்போது பித்தளைக்குள் தங்கிவிடும் இழுவிசையும் சேர்ந்தே இதைச் செய்கின்றன என்பது 1921-இல் ஆய்வின் வழியே விளக்கப்பட்டது. ஒரு நூற்றாண்டு கழிந்தும் டெல்டாவின் வீட்டமைப்பு அதே பாடத்தை நடத்திக்கொண்டிருக்கிறது.

கழுத்து வெடித்த கூடு வாயுவைச் சரியாக அடைக்காது. பையிலிருந்த கூடுகளில் சிலவற்றின் தோள்வரை (கழுத்துக்குக் கீழே கூடு அகலும் இடம்வரை) கரி படிந்திருந்தது இதனால்தான். இந்தக் கரியும் அறையில் சேர்ந்து இழுவையைக் கூட்டியிருக்கும் என்றாலும், முதன்மைக் காரணம் துருக்குழிகளே என்பதில் எனக்கு ஐயமில்லை. கரி படியாத கூடுகளிலும் அதே மேடுகளும் கீறல்களும் இருந்தன.

செய்த வேலையும் அதன் விளைவும்

அறையைச் சுத்தம் செய்ததோடு நிறுத்தி, களிம்பில்லாத புதுத் தோட்டாக்களைக் கொண்டு சுடுதளத்தில் சோதித்தபோது, கூடு உள்ளேயே தங்குவது நின்றுவிட்டது. ஆனால் மூன்றாம் கட்டத்தின் இழுவை குறைந்ததே தவிர மறையவில்லை. குழலை மாற்றுவது இந்த அளவு குழிகளுக்குத் தேவையற்றது என்று பணிமனைக்காரரும் நானும் ஒருமனதாக முடிவுசெய்து, அறையை மெருகிட்டோம். பழுதுபார்ப்பதற்கே 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும் என்பதால், இதை வீட்டில் செய்துபார்க்கும் எண்ணம் எவருக்கும் வேண்டாம். உரிமம் ஒருபுறமிருக்க, கெட்டுப்போன அறையைத் திரும்பச் சரிசெய்ய வழியும் கிடையாது.

கூட்டின் வடிவத்துக்கே கடைந்த மரக்குச்சியின் நுனியைப் பிளந்து, அதில் நைஸான எமரித் தாளைச் செருகி, எண்ணெய் தொட்டுக் கையாலேயே சுழற்றினோம். மின்துளைப்பானில் மாட்டினால் வேலை விரைவாக முடியும், அறையின் வாயும் அகன்றுவிடும். குழிகளை அடியோடு தேய்த்துப் போக்குவது நோக்கமன்று. அப்படிச் செய்தால் அறை பெருத்துவிடும், கூடு கூடுதலாக விரிந்து வேறொரு தொல்லையைக் கொண்டுவரும். பித்தளையை உழும் கூரிய ஓரங்களை மழுக்கினாலே போதும். விளிம்பு அமரும் இடத்தை எமரி தொடவே விடவில்லை. கண்ணாடிபோல மின்னும் அளவுக்கும் போகவில்லை, ஏனென்றால் கூட்டைப் பற்றுவதற்கு அறைக்கு ஓரளவு பிடிப்பு வேண்டும். சிறிது தேய்ப்பதும், துடைப்பதும், மறுபடி வார்ப்பெடுத்துப் பார்ப்பதுமாக வேலை மெதுவாகவே நடந்தது. முடிவில் ஹெட்ஸ்பேஸை மீண்டும் அளந்து, மாற்றமில்லை என்று உறுதிசெய்துகொண்டோம்.

மறுசோதனையில் போல்ட் இரு விரல்களுக்கு வந்தது. கூடுகளில் பழைய மேடுகளின் மங்கிய நிழல் இன்னும் தெரிகிறது, நகத்துக்குத்தான் தட்டுப்படவில்லை. நீளக் கீறல்களும் இல்லை. பழைய எக்ஸ்ட்ராக்டரே அதன் இடத்தில் இருக்கிறது.

உரிமையாளரிடம் வலியுறுத்தியவை சில. தோல் பெல்ட்டும் கான்வாஸ் உறையும் எடுத்துச் செல்வதற்கு மட்டுமே, வைத்திருப்பதற்கு அல்ல. தோட்டாக்கள் மாட்டுக்கொட்டிலுக்கு எதிர்த்திசை அறையில், சிலிக்கா ஜெல் பையோடு மூடிய தகரப் பெட்டிக்குள் இருக்க வேண்டும். அடுத்த தேர்தலுக்கு ஒப்படைக்க நேர்ந்தால், காவல் நிலையமானாலும் உரிமம் பெற்ற ஆயுத வணிகரானாலும், கொடுப்பதற்கு முன் அறையிலும் குழலிலும் மினரல் ஜெல்லி (துரு தடுக்கும் கிரீஸ்) பூசி, அறையில் கிரீஸ் உள்ளது, துடைக்காமல் சுடக் கூடாது என்று எழுதிய அட்டையைக் கைப்பிடியில் கட்டிவிட வேண்டும். கழுத்தில் வெடிப்பு விழுந்த தோட்டாக்களைக் குளத்திலோ வாய்க்காலிலோ எறியாமல், கணக்கோடு வணிகரிடம் ஒப்படைக்கச் சொல்லியிருக்கிறோம். அறையின் கந்தக வார்ப்பைத் தேதியெழுதிப் பணிமனை அலமாரியில் வைத்திருக்கிறோம். வரும் பருவமழைக்குப் பின் எடுக்கும் வார்ப்பில் பருக்கள் இதைவிடப் பெரிதாக நின்றால், மறுபடி மெருகிட இடமில்லை, குழலை மாற்றுவதைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கும்.